ஜப்பானுக்கு டிக்கெட் போடும் முன்: மூளைக் கட்டிக்குப் போரான்-நியூட்ரான் சிகிச்சை

ஆபரேஷன், 60 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு) கதிர்வீச்சு, டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை எல்லாம் முடிந்தும் க்ளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக் கட்டி திரும்ப வந்துவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் பிஎன்சிடி (போரான்-நியூட்ரான் சிகிச்சை) என்ற பெயரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். புரோட்டான் சிகிச்சை சென்னைத் தரமணியிலேயே கிடைக்கிறது. அதற்குக் கடல் தாண்ட வேண்டாம். பிஎன்சிடி வேறு சமாச்சாரம்.

போரான்-10 சேர்ந்த அமினோ அமில மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். கட்டி அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். நியூட்ரான் பட்டதும் போரான் உடைந்து ஆல்ஃபா துகளும் லித்தியமும் தெறிக்கும். அவை பாய்வது 10 மைக்ரானுக்குள், ஏறக்குறைய ஒரு செல்லின் அகலம். அதனால் பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பும். போரான் ஏறாத கட்டியும் தப்பிவிடும், அதுதான் சிக்கல்.

ஆகவே விசாவுக்கு முன்னால் இரண்டு கேள்வி. எஃப்பிபிஏ பெட் ஸ்கேனில் (இந்தப் போரான் மருந்து எங்கே எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்) கட்டி, நல்ல மூளையைவிடக் குறைந்தது 2.5 மடங்கு மருந்தை வாங்குகிறதா? கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? உச்சந்தோலிலிருந்து சுமார் 6 செ.மீ. தாண்டினால் நியூட்ரான் வலுவிழந்துவிடும்.

ஜப்பான் 2020-ல் அனுமதித்தது தலை, கழுத்துப் புற்றுக்குத்தான். மூளைக் கட்டிக்கு நடந்த ஆய்வில் 27 பேர். திரும்பவந்த க்ளையோபிளாஸ்டோமாக்காரர்களில் 79 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, இந்தச் சிகிச்சை பெறாத மறுகுழு கிடையாது. அந்த எண்ணை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

மருந்து கிலோவுக்கு 500 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 30 கிராம். அது சிறுநீரில் படிகமாகி ரத்தம் போகலாம் என்பதால் நீர்ச்சத்து குறையவே கூடாது. கதிர்வீச்சு ஒரே தடவைதான்.

பலர் கோட்டைவிடுவது பழைய ரேடியேஷன் பதிவில். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள '60 கிரே, 30 தவணை' என்ற ஒற்றை வரி போதாது. எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்று காட்டும் டைகாம் ஆர்டி என்ற கணினி ஃபைல்களை, கதிர்வீச்சுப் பிரிவில் டோஸ் கணக்கிடும் பிசிசிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்ஐயும் ஃபிலிமாக வேண்டாம், சிடியாக. பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கும் தேவைப்படலாம்.

மருத்துவ விசாவுக்கு ஜப்பான் அரசிடம் பதிவுசெய்த உத்தரவாதி வேண்டும். வழக்கமான மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி தேவை. மார்பின் என்றால் அளவு எதுவானாலும் தனி அனுமதி.

ஊர் திரும்பியதும் எம்ஆர்ஐயில் கட்டி பெரிதானதுபோலத் தெரியலாம். பல நேரம் அது கதிர்வீச்சின் வீக்கமும் திசுச் சிதைவும்தான். பெவாசிசுமாப் என்ற மருந்து அதைத் தணிக்கலாம். ஒரே ஸ்கேனைப் பார்த்து 'தோல்வி' என்று இங்கே சிகிச்சையை நிறுத்திவிடாமல் இருக்க, சிகிச்சைச் சுருக்கத்தையும் டோஸ் படத்தையும் அங்கிருந்தே ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவந்து உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.