பதிவேட்டை மூடிய பிறகு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஏழு கர்ப்பிணிகளின் வீடுகள். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, பணம் எப்போது வரும்?" கர்ப்பிணிகளுக்கு எங்கள் திட்டத்தில் தவணை தவணையாக வரும் பணம். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். அது தீராமல் நான் சொல்லும் வேறெதுவும் காதில் ஏறுவதில்லை.

ஒருத்திக்கு அடையாள அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், தவணை நிற்கிறது. இன்னொருத்தியின் கணக்கு வெகுநாள் பயன்படுத்தாமல் முடங்கிவிட்டது. மூன்றாமவளுக்குப் பணம் வந்தேவிட்டது. குறுஞ்செய்தி கணவரின் கைபேசிக்குப் போயிருக்கிறது, அவர் வாய் திறக்கவில்லை. இதற்கு நான் எந்தப் படிவத்தை நிரப்புவது?

மார்ச் 6, வெள்ளி

ஒருத்திக்கு ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தசோகை. போன மாதம் 8.8 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளாம்.

"மாத்திரை அட்டையை எடுத்து வாம்மா, பார்க்கலாம்" என்றேன். உள்ளே போனவள் திரும்பி வர நேரமாயிற்று. கொண்டுவந்த அட்டையில் ஒரு மாத்திரை மிச்சமில்லை. ஆனால் தகடு கிழிந்த விளிம்புகள் எல்லாம் புதிதாக மினுங்கின. அவள் கட்டைவிரல் நகத்தில் வெள்ளித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன், பேனாவையும். சற்று நேரத்தில் அவளே சொன்னாள். குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது. குழந்தைக்கு ஏதோ ஆகிறதென்று பயந்து நிறுத்திவிட்டாள். சொன்னால் தவணை போய்விடும் என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் திட்டத்தில் பரிசோதனைக்கு வருவது மட்டுமே நிபந்தனை. மாத்திரைக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால், நான்தான்.

மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயமில்லை என்றேன். இரவு படுக்கும் முன் சாப்பிடு, கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதே. மருத்துவரிடம் காட்டவும் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மாதக் கூட்டம். உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே கர்ப்ப காலத்தில் எட்டுச் சந்திப்புகள் வேண்டும் என்றது. இங்கே நான்குக்குத்தான் பணம். ஐந்தாவதற்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் உடம்பை விசாரிக்கிறவரும் ஒருவராகவே இருக்கலாமா என்றும் கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். அது உண்மைதான்.

மார்ச் 13, வெள்ளி

இன்று பதிவேட்டை வெளியே எடுக்கவே இல்லை. எட்டாம் மாதக்காரி பேச்சுவாக்கில் சொன்னாள்: இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்குகிறது. முகமும் ஊதியிருந்தது. இரத்த அழுத்தம் 150/100. உடனே வண்டிக்குச் சொன்னேன். ஏறும்போது கேட்டாள்: "இந்த வண்டிச் செலவை என் பணத்தில் பிடிப்பார்களா அக்கா?"

மாலையில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. இரவு பதினோரு மணிக்கு இன்றைய பக்கத்தை நிரப்பினேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஆறாம் மாதக்காரிக்கு இப்போது ஏழு. ஹீமோகுளோபின் 9.3. அட்டையை நான் கேட்கவில்லை, அவளே கொண்டுவந்தாள். ஐந்து மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. எந்தெந்த நாள் சாப்பிடவில்லை என்று விரல் வைத்துக் காட்டினாள்.