முட்டி மடங்கும் கோணம்

மே 4

எழுபது டிகிரி. நேற்றும் எழுபதுதான்.

மே 6

தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு மறுபடி அதே வீடியோ. 1991 எஃப்ஏ கோப்பை இறுதி, இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகளின் கோப்பை, வெம்ப்லி. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்தான். பால் காஸ்கோய்ன் பாய்ந்து கேரி சார்ல்ஸை வீழ்த்துகிறார். காஸ்கோய்னின் வலது முட்டியில்தான் லிகமென்ட் அறுகிறது.

எல்லோரும் அந்தப் பாய்ச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்ப்பது அதற்கப்புறம் வருவதை. எழுந்துவிடுகிறார். ஃப்ரீ கிக்கைத் தடுக்கும் சுவரில் போய் நிற்கிறார். ஸ்டூவர்ட் பியர்ஸ் அடித்த பந்து வலைக்குள். ஆட்டம் மறுபடி தொடங்கிய கையோடு சரிகிறார். ஸ்ட்ரெச்சர்.

சுவரில் நின்றபோது என்ன நினைத்திருப்பார்? என் முட்டி போன அன்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது: ஒன்றுமில்லை, நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். பத்து நிமிடம் ஆடினேன்.

மே 7

ஐஸ் பை ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது.

மே 9

அம்மா போனில் எண்ணெய் வைத்தியம் சொல்லத் தொடங்கினார். பேச்சை மாற்ற காஸ்கோய்னின் 1990 உலகக் கோப்பை அரையிறுதிக் கதையை எடுத்தேன். டூரின், மேற்கு ஜெர்மனி, பெர்த்தோல்டை இடறியதற்கு மஞ்சள் அட்டை. இங்கிலாந்து ஜெயித்தாலும் இவருக்கு இறுதி ஆட்டம் கிடையாது. உதடு துடிக்கிறது. சக வீரர் லினெக்கர் பயிற்சியாளர் ராப்சனைப் பார்த்து, இவனைக் கவனியுங்கள் என்று சைகை காட்டுகிறார்.

"அந்தப் பையனுக்கு அப்போ என்ன வயசு?"

இருபத்து மூன்று.

"உன்னைவிடச் சின்னவன். அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டானாடா?"

மே 13

எண்பத்திரண்டு!

மே 15

பஸ் டன்ஸ்டன் வழியாகப் போனது. கேட்ஸ்ஹெட்டில் காஸ்கோய்னின் ஊர்ப் பக்கம். ஒரு சிறுவன் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். பந்து அவனிடமே திரும்பத் திரும்ப வந்தது. ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன்.

மே 18

அந்த 1991 இறுதி ஆட்டம் இதே தேதி. காஸ்கோய்னின் அணி ஸ்பர்ஸ் 2-1 என்று ஜெயித்து, கோப்பையை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போனார்கள். அவரை வாங்க இத்தாலியின் லாட்சியோ அணி காத்திருந்தது. செப்டம்பரில் நியூகாசில் இரவு விடுதியில் அதே முட்டிக்கு இன்னொரு அடி. லாட்சியோவுக்காகக் களமிறங்கியது 1992 செப்டம்பரில். பதினாறு மாதம்.

என் கணக்கில் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதற்கு இந்த அவசரம்?

மே 19

பாத்ரூமில் வழுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 20

வீக்கம். எழுபத்தைந்து. பிசியோ நிமிர்ந்து பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

மே 23

யூரோ 96. ஸ்காட்லாந்தின் ஹென்ட்ரியின் தலைக்கு மேலே பந்தை இடது காலால் தூக்கி, தரையில் விழுமுன் வலது காலால் அடித்த கோலைத்தான் ஊரே கொண்டாடுகிறது. எனக்கு அந்த ஜெர்மனி ஆட்டம். கூடுதல் நேரம், அடுத்த கோல் போட்டவருக்கு வெற்றி. ஷியரர் குறுக்கே அனுப்புகிறார். காஸ்கோய்ன் சறுக்குகிறார். பந்து கால் நுனியைத் தாண்டிப் போகிறது.

ஐந்து வருடம் முன்பு அந்த முட்டி போகாமல் இருந்திருந்தால்? பதினொரு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது கால்தான் நீள்கிறதா என்றுகூடப் பிடிபடவில்லை. பைத்தியக்காரத்தனம்.

மே 27

அவருக்குப் பிறந்தநாள். இங்கிலாந்துக்கு 57 ஆட்டம், 10 கோல். 1998 உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளர் ஹாடில் அவரைச் சேர்க்கவில்லை.

நாளை ஸ்கேன். வழுக்கியதைச் சொல்லிவிட வேண்டும்.

மே 28

எனக்கு முன்னால் மூன்று பேர்.