தரங்கம்பாடியில் கற்ற ஈரமும் காங்கேயத்துக் காற்றும்

மாசி மாதத்தில் தரங்கம்பாடியில் நடந்த மூன்று நாள் நீர்வண்ண ஓவியப் பயிற்சிப் பட்டறைக்குச் சென்று வந்தேன். ஈரோட்டில் ஜன் சதாப்தியில் ஏறி, மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடித்தபோது, என் பையில் இரண்டு தூரிகைகளும் பருத்திக் கூழில் செய்த 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காகிதத்தில் பத்துத் தாள்களும் இருந்தன. திருப்பூரில் பனியன் துணியை ஜி.எஸ்.எம். கணக்கில் பார்த்துப் பழகிய எனக்குக் காகிதத்திற்கும் அதே கணக்கு என்பது மகிழ்ச்சியாக இருந்தது. எடை கூடிய தாள் அதிக நீரைத் தாங்கும், எளிதில் நெளியாது.

முதல் நாள், 1792-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நகர வாயிலை வரைந்தோம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட காகிதமே. வாயிலின் நிழல் விழுந்த பகுதிகளுக்கு மட்டும் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தைக் கொடுத்து, வெயில் பட்ட இடங்களைத் தொடாமல் வைத்தபோது வெண்சுவர் தாளில் எழுந்து நின்றது.

இரண்டாம் நாள்தான் நான் போனதன் பயன் முழுவதும் கிடைத்தது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் அருகே, நிழலில் அமர்ந்து, விடியற்காலை வானத்தை ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசக் கற்றோம். தாளை முழுவதும் நனைத்து, அந்த ஈரம் மினுங்கும்போதே நிறத்தை விட்டால், வானத்திலிருந்து கடலுக்கு எந்தக் கோடும் இல்லாமல் அது கரைந்து இறங்கும். "மினுக்கம் இருக்கும்வரை தொடுங்கள், மினுக்கம் போனதும் கையை எடுத்துவிடுங்கள்" என்று ஆசிரியை பலமுறை சொன்னார். பாதி காய்ந்த தாளில் நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், அந்த நீர் அங்கிருக்கும் நிறத்துகள்களை ஓரத்திற்குத் தள்ளிவிடும். காய்ந்தபின் பூக்கோசு போன்ற ஒரு கறை எஞ்சும். கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தால் என் தாள் ஏறக்குறைய பத்து நிமிடம் மினுங்கியது. அவ்வளவு நேரம் கிடைத்தபடியால், எனக்குக் கை வந்துவிட்டது என்றே நம்பினேன்.

மூன்றாம் நாள் படகுகளை வரைந்து முடித்து ஊர் திரும்பினோம்.

காங்கேயத்திற்கு அருகே எங்கள் ஊரில் ஆனி மாதம் மீண்டும் தூரிகையை எடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு எங்கள் பக்கம் வெறும் காற்றாக வீசும் காலம் அது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். கொரங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் பலகையை வைத்து வானத்தை நனைத்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, தாள் மங்கிவிட்டது. முதல் ஐந்து தாள்களிலும் வானத்தின் நடுவே கோடு விழுந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். தாளின் இருபுறமும் நனைத்து ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்ட வைத்தது நன்றாகப் பயன்பட்டது. அடியிலிருக்கும் ஈரம் மேலே ஊறிக்கொண்டே இருப்பதால் மினுக்கம் ஏழெட்டு நிமிடம் நின்றது. நீரில் சில சொட்டுக் கிளிசரின் கலந்து பார்த்தேன். காய்வது தாமதமாயிற்று என்றாலும் படம் மறுநாளும் பிசுபிசுத்ததால் அதை விட்டுவிட்டேன். எல்லா நிறங்களையும் முன்கூட்டியே தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. பூசும் நடுவில் நிறம் கலக்கப் போனால் அந்த வானம் போயிற்று.

மாடு மேய்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, காத்து அடங்கோணும்னா வெடியால வரோணும்" என்றார். அவர் சொன்னபடி மறுநாள் ஐந்தரை மணிக்கே போனேன். ஒன்பதாம் தாளில் முதல் முறையாக வானம் கோடில்லாமல் இறங்கியது.

காற்று எனக்கு உதவிய இடமும் உண்டு. காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தின் சொரசொரப்பான பட்டையையும் வரைய, ஈரம் வற்றிய தூரிகையைத் தாளின் மேடுகளில் மட்டும் படும்படி இழுக்க வேண்டும். தரங்கம்பாடியில் இது எனக்குக் குழம்பியது. இங்கே, நண்பகல் காற்றில், மஞ்சள் ஓக்கர் நிறம் பட்டவுடன் காய்ந்து, புல்லின் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிகிறது. நீர்வண்ணத்தில் நிறத்துகளைப் பிணைக்கும் அரபிப் பிசினும் ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு வேல மரத்திலிருந்தே வடிகிறது என்பதை அந்த மர நிழலில் அமர்ந்து பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இப்போது பதினேழாம் தாளில் இருக்கிறேன். வானத்தை விடியற்காலையிலும் புல்லையும் வேலியையும் நண்பகலிலும் என்று ஒரே படத்தை இரண்டு வேளைகளாகப் பிரித்து வரைகிறேன். கிளுவை வேலியின் மேல் வானம் வந்து சேரும் இடம் மட்டும் இன்னும் கூர்மையான கோடாகவே விழுகிறது. பனி இறங்கும் மார்கழியில் அதை மறுபடி எடுக்க, நான்கு தாள்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.