காய்ச்சலுக்கு ஒரு பிடி தழை

சீன மூலிகை என்றாலே சிலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள், சிலர் எல்லாமே ஏமாற்று என்கிறார்கள், இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங் தன் நூலில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவ் தழையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொன்னார். கவனியுங்கள், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! 1971இல் சீன விஞ்ஞானி தூ யூயூ அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் சாரம் எடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து, 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதற்காக சிங்ஹாவ் டீ குடித்து மலேரியாவைச் சமாளிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது.

அப்புறம், இருமலுக்கும் இழைப்புக்கும் தருகிற மா ஹுவாங் என்ற இன்னொரு சீன மூலிகை. அதிலுள்ள எபெட்ரின் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இதய நோயாளிகள் தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.