திமிங்கிலத்தின் கை

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியில் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று புரண்டு திரும்பியது.

“அண்ணே, இவ்வளவு பெரிய உடம்பை எப்படித் திருப்புது?” என்றான் தே தாரிக் ஆற்றிய தம்பி.

வால் மேலும் கீழும் அடித்து முன்னே தள்ளும். சாய்வது, திரும்புவது எல்லாம் பக்கத் துடுப்புகளின் வேலை. கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு அவை உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும், ஏறக்குறைய 5 மீட்டர்!

முன்விளிம்பில் பாகற்காய் மாதிரி முண்டுகள். அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். துடுப்பை அதிகம் சாய்த்தாலும் நீரோட்டம் அதைவிட்டுச் சட்டென்று விலகாமல் அவை பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் மீன் கூட்டத்தைச் சுற்றி அத்தனை நெருக்கமாக வளைய முடிகிறது.

துடுப்புக்கு உள்ளே மணிக்கட்டு, விரல் எலும்புகள் கூட உண்டு. நிலத்தில் நடந்த மூதாதையரின் முன்னங்கால் அது. முழங்கை மட்டும் மடங்காது.

இந்த முண்டுகளைப் பார்த்துத்தான் காற்றாலை இறக்கைகளிலும் முண்டு வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.