பார்த்ததை எல்லாம் செய்கிறவன்

எங்கள் மகனுக்குக் குறும்பு செய்யத் தெரியாது என்று நான் சொன்னால் மியன்மாரின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், எங்களை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும், இரண்டு வயது நிறைந்த அவனோடு நாள் முழுவதும் இருக்கிறவள் என்ற முறையில் என் தீர்ப்பு அதுதான். அவன் தானாக எதையும் கண்டுபிடித்துச் செய்வதில்லை. இந்த ஊரில் பெரியவர்கள் செய்வதை, ஓர் அசைவுகூடப் பிசகாமல், எங்கே செய்யக் கூடாதோ அங்கே செய்கிறான், அவ்வளவுதான்.

தேநீர்க் கடையை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள தேநீர்க் கடைகளில் பரிமாறும் பையனைக் கைதட்டி அழைக்கும் வழக்கம் இல்லை. உதட்டைக் குவித்து, முத்தம் கொடுக்கும்போது எழுமே அந்த ஒலியை இரண்டு முறை எழுப்பினால் போதும். எத்தனை கூட்டத்திலும் பையன் திரும்பிப் பார்ப்பான். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் நாள் அவர்களே எழுப்புவார்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு மொகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடப் போவது வழக்கம். அந்தக் கடைகளில் போட்டிருக்கும் குட்டை முக்காலிகளும் மேசைகளும் அவன் உயரத்துக்கு மிகச் சரியாக இருப்பதால், கடையே தனக்காகக் கட்டப்பட்டது என்றும், பெரியவர்கள் தன் தயவில்தான் முழங்காலை மடக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் அவன் நினைக்கிறான் என்பது என் ஊகம்.

அனோராதா சாலையில் இருக்கும் காளியம்மன் கோயில் 1871-இல் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. அன்றுமுதல் அங்கே அம்மனை எத்தனையோ விதமாக அழைத்திருப்பார்கள். ஆனால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை தீபாராதனை முடிந்து, குங்குமத் தட்டுடன் குருக்கள் எங்களைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டபோது, என் இடுப்பில் இருந்தவன் அழைத்ததுபோல் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்தான்; இரண்டு முறை, தெளிவாக. குருக்களும் யாங்கோன்காரர்தானே! பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு சொல்கூடச் சொல்லாமல் வந்து இவன் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டுப் போனார். என் கணவர் அதுவரை அந்தக் கோயிலைப் பார்த்ததே இல்லை என்பவரைப்போல் மேற்கூரையின் வேலைப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், தேநீர்க் கடையில் அவன் அந்த ஒலியை எழுப்பியதே இல்லை. கேட்டிருக்கிறான், உள்ளே வைத்திருந்திருக்கிறான், வேறொரு நாள் வேறோர் இடத்தில் எடுத்து வெளியே விட்டிருக்கிறான். இதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், 14 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒருவர் இடுப்பை வளைத்துக் குனிந்து, நெற்றியால் ஒரு பலகையைத் தொட்டு விளக்கெரியச் செய்வதைக் காட்டினார். குழந்தைகளை அதைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்து அழைத்து வந்து அந்தப் பலகையைக் கொடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் கையை விட்டுவிட்டு நெற்றியால் தொட்டார்கள். 1988-இல் வெளியான ஆய்வு இது. அதைப் படித்த நாளிலிருந்து, தொலைபேசியில் நாத்தனாரைப் பற்றிப் பேச நேர்ந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

அடுத்தது பிட்சைப் பாத்திரம். விடிந்து சற்று நேரத்தில் எங்கள் தெருவில் பிக்குகள் வரிசையாக வருவார்கள். வெறுங்கால், செம்பழுப்பு ஆடை, கையில் பாத்திரம், வாயில் ஒரு சொல் இல்லை. என் மாமியார், அதாவது அவனுடைய அப்பாயி, அம்மனைத் தவிர வேறு யாரையும் கும்பிடாதவர். ஆனால் பிட்சை வரிசைக்கு ஒரு கரண்டி சூடான சோறு இடாமல் காலைக் காபியைத் தொட மாட்டார். இறங்கிப்போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சோற்றை இட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார். இடுப்பில் இருந்தபடியே இவன் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தன் பங்குக்குப் பாதி கடித்த பிஸ்கட் ஒன்றைப் பாத்திரத்தில் போட்டான். பெரிய பிக்கு கண்ணிமைகூட அசைக்காமல் ஏற்றுக்கொண்டார். வரிசையின் கடைசியில் நின்ற பத்து வயதுச் சின்னப் பிக்குதான் சிரிப்பை அடக்க முடியாமல் ஆடையின் நுனியைச் சரிசெய்வதாகப் பாவனை செய்தார்.

அன்று மத்தியானம் சோறு ஊட்ட உட்கார்ந்தபோது ஆளைக் காணவில்லை. சத்தமும் இல்லை, குழந்தை இருக்கும் வீட்டில் அதைவிடக் கலக்கம் தருவது வேறில்லை. திரும்பிப் பார்த்தால், அடுக்களை வாசலில் என் சிவப்புத் துண்டை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பித்தளைத் தவலை ஒன்றை இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி, தலை குனிந்து நிற்கிறான். கூப்பிட்டால் பதில் இல்லை. சோற்றுத் தட்டைக் காட்டினேன், பார்வை தரையை விட்டு எழவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கரண்டிப் பருப்புச் சோற்றைத் தவலையில் இட்டேன். உடனே நகர்ந்து, நடையின் வழியே அடுத்த வீட்டுக்கு, அதாவது தாத்தாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். தாத்தா ஒரு முறுக்கைப் போட்டார். குளிர்சாதனப் பெட்டியின் முன்னாலும் நெடுநேரம் நின்றான்; அது எதுவும் இடாததால், மனத்தாங்கல் சிறிதும் இன்றி அடுத்த வாசலுக்கு நகர்ந்தான். பருப்புச் சோறும் முறுக்கும் அப்பாயி இட்ட வாழைப்பழமும் ஒன்றாய்க் கலந்த அந்தக் கதம்பத்தை, நான் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்பவன், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தானே அள்ளிச் சாப்பிட்டான். அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் நடக்கிறது. பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை. அந்த விதி மட்டும் இன்னும் அவன் கண்ணில் படவில்லை.

பாத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால் அவன் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை இருமுகிறான். சளி பிடித்திருக்கிறதோ என்று பயந்து, மார்பில் தைலம் தடவி, வெந்நீர் கொடுத்துப் பார்த்தோம். பிறகுதான் அப்பாயி கண்டுபிடித்தார்: வரிசையில் இரண்டாவதாக வரும் முதிய பிக்குவுக்கு இருமல் இருக்கிறது. இவன் அதையும் சடங்கின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டிருக்கிறான். சிம்பன்சிகளுக்கும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே புதிர்ப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் 2005-இல் வெளியிட்டது. பெட்டியைத் திறந்து பரிசை எடுக்கும் வழியைக் காட்டும்போது, எதற்கும் உதவாத சில குத்தல்களையும் தட்டல்களையும் சேர்த்தே காட்டினார்கள். உள்ளே நடப்பது தெரியும்படி பெட்டி கண்ணாடிபோல் இருந்தபோது, சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகளோ வீண் வேலையையும் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகே எடுத்தார்கள். இதை நான் சொன்னபோது என் மாமனார், சிம்பன்சிக்குச் சடங்கும் இல்லை சம்பிரதாயமும் இல்லை, அதற்கென்ன கவலை என்றார்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை; இந்த நகரத்தில் அது வருவதும் போவதும் ஊரறிந்தது. திரும்பி வரும்போது தெருப்பிள்ளைகள் அனைவரும் “மீ லா பி!”, மின்சாரம் வந்துவிட்டது, என்று பர்மிய மொழியில் கூவுவார்கள். எங்கள் வீட்டிலோ குளிர்சாதனப் பெட்டியை யார் திறந்தாலும், உள்ளே விளக்கு எரிவதைக் கண்டு இவன் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு அதே கூச்சலைப் போடுகிறான். இரவில் திருட்டுத்தனமாக இனிப்பு எடுக்கப் போகும் தாத்தாவுக்குத்தான் இதில் இழப்பு. அந்தத் தாத்தா மதியம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கையில் திருநீற்றைக் குழைத்து அவர் கன்னங்களில் வட்டவட்டமாகத் தடவிவிட்டு, நான் முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைக் குழம்பை எடுத்துத் தன் நெற்றியில் மூன்று பட்டைகளாக இட்டுக்கொண்டதும் இவனே. இரண்டும் வெண்மையாய்க் குழைவது, இரண்டும் முகத்தில் பூசுவது. அவன் கணக்கில் பிழை காண எனக்குத் தெரியவில்லை.

கயிற்றுக் கதைக்கு வருகிறேன். நகரின் நடுப்பகுதியில் உள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. அதனால் ஒவ்வொரு மாடியின் முகப்பிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் ஒரு கவ்வியோ பையோ இருக்கும், மேல்நுனியில் பலர் மணி கட்டியிருப்பார்கள். செய்தித்தாள்காரர் கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். தாளைக் கவ்வியில் மாட்டிவிட்டுப் போவார், நாம் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெங்காயம், மின்கட்டணச் சீட்டு, அப்பாயிக்கு வெற்றிலை எல்லாம் எங்கள் மூன்றாம் மாடிக்கு இப்படித்தான் வருகின்றன. முகப்பில் இரும்புக் கம்பி அடைப்பு இருப்பதால் இவன் விழ வழியில்லை. கயிறும் சிறு பொருள்களும் கம்பிகளுக்கு இடையே தாராளமாகப் போகும்.

நான் உள்ளே அலுவலகக் கூட்டமொன்றில் கணினி முன் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், அவன் அப்பாயியின் சுண்ணாம்பு டப்பாவைப் பையில் போட்டுக் கீழே இறக்கினான். கீழே நடைபாதையில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர், சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, டப்பாவை வழிய நிரப்பிப் பையில் வைத்துவிட்டு மணியை இழுத்தார். கொடுத்தது கூடுதலாகித் திரும்பி வந்ததைக் கண்ட பிள்ளை சும்மா இருப்பானா? அடுத்து என் கணவரின் மடக்குக் குடை இறங்கியது. போன மழைக்காலத்தில் கம்பி முறிந்த குடை. சரிசெய்யக் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வெற்றிலைக்காரர் அதைப் பக்கத்தில் குடை பழுதுபார்ப்பவரிடம் நீட்ட, ஒரு மணி நேரத்தில் கம்பி மாற்றிய குடை மேலே வந்து சேர்ந்தது, கூலியை எழுதிய துண்டுக் காகிதத்துடன். இரண்டு பேரும் நாங்கள்தான் அனுப்பினோம் என்றே நம்பியிருக்கிறார்கள். மாலையில் என் கணவர் குடையை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் பொறுப்பானவன் ஒருவன் இருக்கிறான் என்றார். கயிற்றை உயரக் கட்டியவள் நான்.

எல்லாம் இப்படி லாபத்தில் முடியவில்லை. மகனுடைய காதுகுத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு நூறு டாலர் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாங்கோனில் டாலர் மாற்றியவர்களுக்குத் தெரியும்: தாளில் ஒரு மடிப்பு, ஒரு மைப்புள்ளி இருந்தால் போதும், மாற்றுபவர் விலையைக் குறைப்பார் அல்லது வேண்டாம் என்று தள்ளுவார். அதனால் என் கணவர் அதைத் தடித்த அகராதி ஒன்றின் நடுவில், காற்றுக்கூடப் படாமல் வைத்திருந்தார். அப்பாயிக்கோ எந்தத் தாளையும் எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டால்தான் அது பணம். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன், அகராதியைப் படம் பார்க்க இழுத்த இடத்தில் தாளைக் கண்டான், அழகாக மடித்தான், இடுப்பில் செருகினான். அவன் இடுப்பில் இருந்தது டயப்பர். பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. கழுவி, நிழலில் உலர்த்தி, மேலே துணி போட்டு இஸ்திரியும் போட்டுக் கொண்டுபோன தாளை, மாற்றுபவர் விளக்கில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அப்பாயிதான் அமைதியாக இருந்தார். 1964-இல் இங்கே நெ வின்னின் ராணுவ அரசு ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்று திடீரென அறிவித்தபோது அவர் சிறுமி. அவருடைய தந்தையார் பெட்டி நிறையத் தாள் வைத்திருந்தவர். “எங்க அப்பாகூட ஒரு தாளையும் மடிக்காமத்தான் வச்சிருந்தாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேரனுக்குத் தலை வாரிவிட்டார்.

இப்போது அவனுக்கு வியாபாரம் பிடித்திருக்கிறது. காலையில் அவித்த பட்டாணியைத் தலையில் தட்டோடு சுமந்து, ராகம் போட்டுக் கூவிக்கொண்டு வரும் பெண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடையில் மேலும் கீழும் கூவி விற்கிறான். சரக்கு அன்றன்று கைக்கு அகப்படுவது. விலை எப்போதும் ஆயிரம், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். நேற்று அப்பாயியின் ஒற்றைச் செருப்பு விற்பனைக்கு வந்தது. தெய்ஞ்சி சந்தையில் வாழ்நாளெல்லாம் பேரம் பேசிய அப்பாயி, பேரன் என்று பார்க்காமல் ஐந்நூறுக்குக் கேட்டார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டைத் தலையில் ஏற்றி, கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு மெல்ல நடந்து மூலையில் திரும்பி நின்றான். தெருவில் அவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அப்பாயி கூப்பிடவில்லை. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மற்றொரு செருப்பையும் தேடி எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஜோடி ஆயிரம் என்றால் நியாயமான விலைதான் என்று சொல்லி அப்பாயி வாங்கிக்கொண்டார்.