கோச்சைத் தூக்கினால் சரியாகிவிடுமா?

வார இறுதி ஆட்டங்கள் முடிந்த மறுநாள் இரவு, ஐரோப்பியக் கால்பந்து பற்றி நேயர்களோடு பேசும் வானொலி நிகழ்ச்சி ஒன்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அழைப்பு வந்ததும் உதவியாளர் ஒரு துண்டுச்சீட்டில் நேயரின் பெயர், அவருடைய அணி, பேச வந்த விஷயம் மூன்றையும் எழுதி என் முன்னால் வைப்பார். ஏதாவது ஒரு பெரிய அணி தொடர்ந்து தோற்கும் காலத்தில் மூன்றாவது வரியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: கோச்.

“எப்ப தூக்குவாங்க அண்ணே?” என்றுதான் பேச்சே தொடங்கும். இந்தக் கோபத்தை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. வாரம் தவறாமல் தோற்கும் அணியை வாரம் தவறாமல் உட்கார்ந்து பார்ப்பவர் அவர். நடுக்களத்தில் பந்து எங்கே பறிபோகிறது, எந்தப் பக்கம் ஓட்டை என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நோயைச் சரியாகச் சொல்லிவிடுவார். யாரால் வந்தது என்பதில்தான் எனக்கு அவரோடு வழக்கு. கோச் மட்டும்தான் கோட்டோரம் நிற்கிறார், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கேமரா முன்னால் வந்து பதில் சொல்கிறார். வீரர்களை வாங்கியவர், சம்பளத்தை நிர்ணயித்தவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர் யாரும் திரையில் வருவதில்லை.

நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் உதாரணம் ஜெர்மனியின் ஷால்கே. 2017-18இல் அந்நாட்டின் முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லிகாவில் இரண்டாம் இடம். 2020-21இல் கடைசி இடம், மொத்தம் 16 புள்ளிகள், இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். அந்த ஒரே சீசனில் டேவிட் வாக்னர், மானுவல் பாம், ஹூப் ஸ்டீவன்ஸ், கிறிஸ்டியன் கிராஸ், டிமிட்ரியோஸ் கிராமோசிஸ் என்று ஐந்து பேர் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். வாக்னருக்குக் கிடைத்தது இரண்டே லீக் ஆட்டங்கள். முந்தைய சீசனையும் சேர்த்தால் லீக்கில் தொடர்ந்து 30 ஆட்டங்கள் வெற்றியே இல்லை. 1965-66இல் டாஸ்மானியா பெர்லின் வைத்த சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவு.

அந்தச் சீசன் முழுக்க எங்கள் நிகழ்ச்சியிலும் “அடுத்த கோச் யார்” என்ற பேச்சுதான். அப்போது ஒரு நேயர் அழைத்தார். குரலில் நடுத்தர வயது, அவசரமே இல்லை. “கோச்சை விடுங்க சார். மாட்டிப், கொலாஷினாட்ஸ், கோரெட்ஸ்கா, மேயர், நூபெல். ஷால்கேல இருந்து இந்த அஞ்சு பேரும் எவ்வளவுக்குப் போனாங்கன்னு கேளுங்க” என்றார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் நேயர்கள் அவர் வாயால் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். “ஒரு பைசா இல்லை சார். எல்லாரும் ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா நடந்து போனவங்க.”

உண்மைதான். 2016இல் மாட்டிப் லிவர்பூலுக்கு, 2017இல் கொலாஷினாட்ஸ் ஆர்சனலுக்கு, 2018இல் கோரெட்ஸ்கா பயர்னுக்கும் மேயர் கிரிஸ்டல் பேலஸுக்கும், 2020இல் கோல்கீப்பர் நூபெல் பயர்னுக்கு. ஐந்து பேருக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை, அதாவது வாங்கும் கிளப் விற்கும் கிளப்புக்குக் கொடுக்கும் பணம், கிடையாது. ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே நிர்வாகம் ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஆளும் போவார், அவருக்குப் பதில் இன்னொருவரை வாங்கும் பணமும் போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கடன் வாங்குவார்கள். ஷால்கேவின் கடன் இருநூறு மில்லியன் யூரோவை நெருங்கியிருந்த நேரத்தில்தான் கொரோனா வந்து மைதானங்களைக் காலியாக்கியது. 2020-21இல் வந்த ஐந்தாவது கோச் என்னதான் செய்திருக்க முடியும்?

கோச்சை மாற்றினால் அணி எழுந்துவிடுகிறதே, கண்ணால் பார்க்கிறோமே என்று பலர் வாதிடுவார்கள். பொருளாதார அறிஞர் பாஸ் தெர் வீல் நெதர்லாந்தின் முதல் பிரிவு ஆட்டங்களை 1986 முதல் 2004 வரை எடுத்து இதையே ஆராய்ந்தார். சரிந்த நிலையில் கோச்சை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் விட்ட அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி மீண்டன. வேலைநீக்கம் நடப்பதே அணி அதலபாதாளத்தில் கிடக்கும்போதுதான். அங்கிருந்து ஓரளவு மேலே வருவது எப்படியும் நடக்கிற காரியம். பெயர் மட்டும் புதியவருக்குப் போய்ச் சேர்கிறது.

அதற்காக மாற்றமே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி, கோச் லாம்பார்டை அனுப்பிவிட்டு டுக்கெலைக் கொண்டுவந்தது, மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அங்கே வீரர்கள் தரமானவர்கள், அட்டவணையில் இருந்த இடம்தான் அவர்களுக்குப் பொருந்தாமல் இருந்தது. அதே குளிர்காலத்தில் ஆர்சனல் கிறிஸ்துமஸ் சமயத்தில் 15ஆம் இடத்தில் கிடந்தது. அதன் கோச் ஆர்டெட்டாவைத் தூக்கச் சொல்லி எங்களுக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. அவர் தப்பித்ததை இன்று பொறுமையின் வெற்றி என்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 2021 கோடையில் அந்த நிர்வாகம் வாங்கிய ஆறு வீரர்களில் ஒருவர்கூட 23 வயதைத் தாண்டவில்லை. அணியையே புதிதாகக் கட்டினார்கள். கட்டாமல் வெறுமனே பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் என் நேயர்கள் சற்று நேரம் யோசிக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இது சங்கடமானது. “ரசிகர்கள் கையில் கொடுத்தால் கிளப் உருப்படும்” என்று அடிக்கடி கேட்கிறேன். ஷால்கே உறுப்பினர்களின் சங்கம், தனி முதலாளி கிடையாது. மேற்பார்வைக் குழுவுக்கு உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். அப்படியிருந்தும் கிளெமென்ஸ் டோனீஸ் 2001 முதல் அந்தக் குழுவின் தலைவராக இருந்தார், ரசிகர்களின் எதிர்ப்பு முற்றிய பிறகு 2020 ஜூன் 30 அன்றுதான் விலகினார். அதற்குள் கோரெட்ஸ்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆகவே வாக்குரிமை மட்டும் போதாது, எதைப் பார்த்து வாக்களிக்கிறோம் என்பது முக்கியம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ரசிகர்களால் காரியம் நடக்கும் என்பதற்கும் ஜெர்மனியிலேயே சாட்சி உண்டு. வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரும் லீக்கின் திட்டத்தை எதிர்த்து வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள், ஆட்டங்கள் நின்றன. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இதனால்தான் நிலையத்தில் ஒரு கோரிக்கையோடு போய் நின்றேன். கோடையில் ஆட்டம் இல்லை என்று நிகழ்ச்சியை நிறுத்திவிடுவது வழக்கம். ஜூனிலும் ஜூலையிலும் அந்த நேரத்தை எங்களுக்கே விடுங்கள் என்றேன், முடிவுகள் எல்லாம் எடுக்கப்படுவது அப்போதுதானே. கேட்க ஆள் இருக்குமா என்று தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். முதல் இரவு முதல் அழைப்பிலேயே ஒரு பெண், தன் அணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரரைப் பற்றிப் பேசினார். “ஆளுக்கு முப்பத்தொண்ணு வயசு. நாலு வருஷத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்காங்க. இதுக்குக் கையெழுத்துப் போட்டது யார்னு யாராவது சொல்ல முடியுமா?” அடுத்தடுத்து வந்த சீட்டுகளின் மூன்றாவது வரியில் கோச் இல்லை. ஒப்பந்தம், சம்பளம், ஸ்கவுட் (புதிய வீரர்களைத் தேடிப் பார்ப்பவர்), மறுபடி ஒப்பந்தம் என்றிருந்தது. ஒரு மணி நேரம் போதவில்லை. மீதி அழைப்புகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம்.